மழைக்கு யாகம்! காட்டுக்குச் சாம்பல்!

தோழர்களே! 2019-ம் வருஷக் கோடையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நாலு ஏரிகளும் வெடித்துக் கிடந்தன. நடுநிசியில் குடத்தை வரிசையாக வைத்துவிட்டுப் பெண்கள் லாரியை எதிர்பார்த்துத் தெருவிலே உட்கார்ந்திருந்தார்கள். அந்தச் சமயத்தில் சர்க்காரின் இந்து அறநிலையத் துறையிலிருந்து கோயில்களுக்கு ஒரு சுற்றறிக்கை போயிற்று. மழை பெய்வதற்காக முக்கியமான கோயில்களில் பர்ஜன்ய சாந்தி, வருண ஜெபம் முதலிய யாகங்களைச் செய்ய வேண்டும். நந்தியைச் சுற்றித் தொட்டி கட்டி அதன் கழுத்து மட்டத்துக்குத் தண்ணீர் நிரப்ப வேண்டும். அமிர்தவர்ஷினி, மேகவர்ஷினி முதலான ராகங்களை நாதசுரத்திலும் வீணையிலும் வாசிக்க வேண்டும் என்பது அதன் சாரம். குழந்தைக்குக் கொடுக்கத் தண்ணீர் இல்லாத ஊரில் கல் மாட்டுக்குக் கழுத்து மட்டும் தண்ணீர்! ஜூன் மாதத்தில் அன்றைய ஆளுங்கட்சியின் மந்திரிகளே நேரில் உட்கார்ந்து யாகம் நடத்தினார்கள். மசூதியிலும் மாதாகோயிலிலும் தனித்தனியாகத் தொழுகையும் ஜெபமும் நடந்தன. இந்த விஷயத்தில் மட்டும் எல்லா மதத்தாருக்கும் ஒற்றுமை வந்துவிடுகிறது.

கடைசியில் வந்தது என்ன? ஜூலை 12-ந் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டர் தண்ணீரோடு வில்லிவாக்கத்துக்கு ரயில் வந்தது. வருணன் வரவில்லை, ரயில்தான் வந்தது. அதை ஓட்டி வந்தவர் வழியில் மந்திரம் ஏதும் சொன்னதாகத் தகவல் இல்லை.

பிறகு மழைக்காலத்தில் மழை பெய்தவுடனே, "பார்த்தீர்களா, யாகம் பலித்துவிட்டது" என்றார்கள். கோடையில் யாகம் செய்து ஐப்பசியில் மழை பெய்தால் அது யாகத்தின் பலன் என்றால், மார்கழியில் குளிர வேண்டுமென்று யாகம் செய்தாலும் பலிக்கத்தானே செய்யும்? இருக்கட்டும், 2015-ம் வருஷம் டிசம்பர் மாதம் சென்னையே மூழ்கிப் போயிற்றே, அவ்வளவு மழைக்கு யார் எந்த யாகம் செய்தார்கள் என்று கேட்டால் இவர்களிடம் பதில் உண்டா?

நமது மீஞ்சூரில் நடந்ததையும் சொல்லிவிடுகிறோம். அந்தக் கோடையில் நம் பக்கத்துக் கோயில் ஒன்றிலே யாகத்துக்கு ரசீது போட்டார்கள். நமக்கு அடுத்த வீட்டுப் பெரியவர், அறுபத்தைந்து வயது, மூட்டை தூக்கிப் பிழைத்தவர், ஐந்நூறு ரூபாய் கொடுத்து ரசீது வாங்கி வந்தார். நாம் சும்மா இருக்கக் கூடாதா? வாயை விட்டோம்.

"ஐயா, ஐந்நூறு ரூபாய்க்குத் தண்ணீர் லாரிக்காரனிடம் ரெண்டு பீப்பாய் வாங்கியிருக்கலாமே?"

"உனக்கு நம்பிக்கை இல்லேன்னா போ தம்பி. எங்க வாயிலே மண்ணைப் போடாதே."

"மண்ணை நான் போடவில்லை ஐயா. உங்கள் அப்பா காலத்தில் உங்கள் கிணற்றுத் தண்ணீர் எப்படி இருந்தது?"

"கல்கண்டு."

"இப்போது?"

"வாயிலே வைக்க முடியலே. உப்பு."

"அந்த உப்பை எந்தச் சாமி போட்டது?"

பெரியவர் பதில் சொல்லவில்லை. நாம் சொல்கிறோம். மீஞ்சூர் வட்டாரத்தில் பூமிக்கடியில் நல்ல மணற்பாங்கான நீரோட்டம் இருந்தது. 1960-களிலிருந்து சென்னைப் பட்டணத்துக்காகவும் மணலிப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்காகவும் இங்கே ஆழமான கிணறுகள் போட்டு இரவு பகலாக இறைத்தார்கள். நல்ல தண்ணீர் இறங்க இறங்க, காலியான இடத்துக்குக் கடல் உள்ளே வந்தது. 1960-களின் கடைசியில் கரையிலிருந்து சுமார் 3 கிலோமீட்டர் வந்திருந்த உப்பு, 1980-களில் 7, 9 கிலோமீட்டர் என்று ஏறிவிட்டது. பூமிக்குள்ளே கடல் நடந்து வந்து நமது கிணற்றிலே குடியேறிற்று. பிறகு அதே கடல் தண்ணீரை உப்பு நீக்கிக் கொடுப்பதற்காக 2010-ல் காட்டுப்பள்ளியிலே ஓர் ஆலை திறந்தார்கள். கேணியைக் கெடுத்தவனே தண்ணீர்க் கடை வைத்த கதைதான் இது. இந்த உப்பு, மரத்தை வெட்டியதால் வந்ததல்ல, அளவில்லாமல் இறைத்ததால் வந்தது. இரண்டுக்கும் காரணமான புத்தி ஒன்று என்பதற்காகவே இதை இங்கே சொன்னோம்.

நிற்க. யாகக்காரர்களுடைய புத்தகத்தையே எடுத்துக் கொள்வோம். மழை வேண்டுமென்று நெருப்பில் நெய்யை ஊற்றுகிறார்களே, அந்த நெருப்புத் தேவனின் யோக்கியதையை மகாபாரதத்தின் ஆதி பருவத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். சுவேதகி என்று ஒரு ராஜா பன்னிரண்டு வருஷ காலம் விடாமல் யாகம் செய்தானாம். அந்த நெய்யையெல்லாம் குடித்துக் குடித்து அக்னி தேவனுக்கு அஜீரணம் கண்டுவிட்டதாம். பிரம்மாவிடம் போய் அழ, "காண்டவ வனத்தைத் தின்றுவிடு, சரியாய்ப் போகும்" என்று அவர் வைத்தியம் சொன்னாராம். மழைத் தேவனாகிய இந்திரன், தன் சிநேகிதனான தட்சகன் என்ற பாம்பு அந்தக் காட்டில் குடியிருந்த காரணத்தால், மழையைக் கொட்டி நெருப்பை அணைக்கப் பார்த்தானாம். உடனே கிருஷ்ணனும் அர்ச்சுனனும் ஆளுக்கு ஒரு பக்கம் நின்று, அம்பாலே கூரை போட்டு மழையைத் தடுத்து, தப்பி ஓடிவந்த மிருகங்களையும் பட்சிகளையும் நெருப்பிலேயே விழும்படி அடித்துக் கொன்றார்களாம். அவ்வளவு பெரிய காட்டிலே பிழைத்தது ஆறே உயிர்தானாம். பிழைத்தவர்களில் ஒருவனான மயன் நன்றிக்காகப் பாண்டவர்களுக்கு ஓர் அழகான மண்டபம் கட்டிக் கொடுத்தானாம்.

இதை நாம் கற்பித்துச் சொல்லவில்லை. அவர்கள் புண்ணிய கதையாகப் படிப்பதுதான். யாகம் செய்ததால் அஜீரணம், அஜீரணத்துக்கு மருந்து காடு, காட்டைக் காப்பாற்ற வந்த மழைக்குத் தடை, எரிந்த காட்டுக்குப் பதில் மண்டபம். இப்போது துறைமுகம் கட்டுகிற கம்பெனிகளுக்கு இதைவிடப் பொருத்தமான ஸ்தல புராணம் வேறு எங்கே கிடைக்கும்?

அது புராணக் காடு. உலகத்திலே இன்றைக்கு எரிகிற காட்டைப் பார்ப்போம். நம் மந்திரிகள் யாகம் செய்த அதே 2019-ல், ஆகஸ்டு மாதம், தென்னமெரிக்காவில் அமேசான் காடு பற்றி எரிந்தது. அந்தப் புகை வெகுதூரம் பரவி, சாவ் பாவ்லோ பட்டணத்தில் பட்டப் பகலிலேயே இருட்டிற்று. மாட்டுப் பண்ணைக்கும் சோயா மொச்சைக்கும் நிலம் வேண்டுமென்று காட்டை வெட்டிக் கொளுத்துகிறார்கள். 2024-ம் வருஷம் ஒன்றில் மாத்திரம் உலகத்தின் உஷ்ண மண்டலங்களில் கன்னிக் காடு 67 லட்சம் ஹெக்டேர் போய்விட்டது என்று செயற்கைக்கோள் கணக்கு சொல்கிறது.

காடு போனால் என்ன? மரம் வேரினால் தண்ணீரை உறிஞ்சி இலை வழியாக ஆவியாக விடுகிறது. அமேசானில் பெய்கிற மழையில் ஏறக்குறையப் பாதி, அந்தக் காடே திரும்பத் திரும்ப விட்ட ஆவியினால் பெய்வது என்பதை எனியாஸ் சலாட்டி என்னும் பிரேசில் விஞ்ஞானி 1970-களிலே கணக்கிட்டுக் காட்டினார். நம்முடைய மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளும் இதே காரியத்தைத்தான் செய்கின்றன. தென்மேற்குப் பருவ காலத்தில் தமிழ்நாட்டுக்குக் கிடைக்கும் மழையில் பெரும் பங்கு அந்தக் காடு விடுகிற ஈரத்தினால் ஆனது என்று பம்பாய் ஐ.ஐ.டி.யார் 2018-ல் ஆராய்ந்து எழுதினார்கள். வால்பாறைப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், பார்த்த இடமெல்லாம் தேயிலை. வெள்ளைக்காரக் கம்பெனிகள் 1890-களிலிருந்து மழைக்காட்டைச் சிரைத்துத் தேயிலை போட்ட இடம் அது. அதற்கும் முன்னால், 1856-ல் ராயபுரத்திலிருந்து ரயில் விட்டார்களே, அந்த வண்டிகள் வெகுகாலம் விறகை எரித்துத்தான் ஓடின. தண்டவாளக் கட்டைக்கும் காடுதான்.

இது புதிதாகக் கண்டுபிடித்த விஷயமா என்றால் அதுவும் இல்லை. இதே சென்னையில் இருந்த எட்வர்டு பால்ஃபர் என்ற பட்டாளத்து டாக்டர், எழும்பூர் மியூசியத்தை ஆரம்பித்தவர், 1840-களிலேயே மரங்களுக்கும் மழைக்கும் நிலத்தின் ஈரத்துக்கும் உள்ள சம்பந்தத்தைப் பற்றி எழுதினார். பட்டணத்துக்குப் புத்தி வருவதற்கு இன்னும் எத்தனை வருஷம் வேண்டும்?

ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை செய்ய வேண்டியவர்களாக இருக்கிறோம். நமது தோழர்களிலேயே சிலர், "மரம் நட்டால் மழை வரும்" என்பதை யாகத்துக்குப் பதில் யாகமாக எடுத்துக்கொண்டு, மந்திரியைக் கூப்பிட்டு, ஒரு கன்றை நட்டு, படம் பிடித்துக்கொண்டு, மறுநாள் அதற்குத் தண்ணீர் ஊற்ற ஆளில்லாமல் விட்டுவிடுகிறார்கள். இதுவும் மூட நம்பிக்கைதான். மீஞ்சூருக்கு வருகிற மழையில் பெரும் பகுதி வடகிழக்குப் பருவத்தில் வங்காளக் குடாவிலிருந்து வருவது. தெருவிலே பத்துக் கன்று நட்டால் அந்த மழை கூடிவிடாது. காடு செய்கிற உபகாரம் வேறு பல உண்டு. பெய்த மழையை அது பிடித்து நிறுத்துகிறது. புயலைத் தாங்குகிறது. கரியமில வாயுவை உள்ளே இழுத்து மரத்திலும் மண்ணிலும் பூட்டி வைக்கிறது. காரணத்தைத் தெரிந்துகொண்டு நடுங்கள். படத்துக்காக நடாதீர்கள்.

கரியமில வாயு என்றோமே, அதையும் விளக்கி விடுகிறோம். கரியை எரித்தால் இந்த வாயு வெளியாகிறது. சூரியனால் சூடேறிய பூமி திரும்ப விடுகிற உஷ்ணத்தை இது போகவிடாமல் பிடித்து வைத்துக்கொள்கிறது. ஜான் டிண்டால் 1859-ல் இதைப் பரீட்சை செய்து காட்டினார். யூனிஸ் ஃபூட் என்ற அமெரிக்க ஸ்திரீ அவருக்கும் முன்னால் 1856-லேயே காட்டினார். பெண் என்பதால் அவர் பெயரை நூறு வருஷத்துக்கு மேல் ஒருவரும் பேசவில்லை. நம் சனாதனிகளுக்கு அமெரிக்காவிலும் உறவினர் உண்டு போலும்! தொழிற்சாலைகள் வருவதற்கு முன் காற்றில் பத்து லட்சம் பங்கில் 280 பங்கு இருந்த இந்த வாயு, 1958-ல் 315 ஆகி, இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. பூமி சூடேறுகிறது, கடல் விரிந்து உயர்கிறது, புயல் மழை ஒரே அடியாகக் கொட்டுகிறது.

இனி நம் வாசலுக்கு வருவோம். மீஞ்சூரிலிருந்து கிழக்கே பார்த்தால் என்ன தெரிகிறது? புகைபோக்கிகள். வல்லூரிலே 1,500 மெகாவாட். அத்திப்பட்டுப் பக்கத்து வடசென்னை அனல் நிலையத்தில் முதலில் 630, பிறகு 1,200, 2024-ம் வருஷம் மார்ச்சில் திறந்தது 800. இத்தனையும் நிலக்கரியை எரிப்பதற்காக நிறுவியவை. எரித்த கரியின் சாம்பல் எங்கே போகிறது? தண்ணீரோடு கலந்து குழாய் வழியாகச் செப்பாக்கம் பக்கத்துச் சாம்பல் குளத்துக்குப் போக வேண்டியது. குழாய் உடைந்து உடைந்து, அந்தச் சாம்பல் கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர் கழிமுகத்திலும் வருஷக்கணக்காய்ப் படிந்தது. ஆழமாயிருந்த ஓடையில் முழங்கால் தண்ணீர்தான் நின்றது. 2022-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயமே கழிமுகத்தைச் சீர்செய்ய உத்தரவிட வேண்டியதாயிற்று.

அந்தக் கழிமுகத்தில்தான் நமது காடு இருக்கிறது. "மீஞ்சூர்ப் பக்கம் ஏது காடு?" என்று கேட்பீர்கள். அலையாத்திக் காடு! சேற்றிலே நிற்கிற வெண்கண்டல் மரம். சேற்றுக்கு மேலே பென்சில் நட்டாற்போல மூச்சு வேர்களை நீட்டிக்கொண்டு நிற்கிறதே, அது. அதன் வேரடியில்தான் இறால் குஞ்சும் நண்டுக் குஞ்சும் வளர்கின்றன. இருளர் மக்கள் இடுப்பளவு தண்ணீரில் வலையில்லாமல் கையினாலேயே இறால் தடவிப் பிடிப்பது அங்கேதான். இப்படிப்பட்ட காடு தன் சேற்றில் பூட்டி வைக்கும் கரி, நிலத்துக் காடு ஏக்கருக்கு வைப்பதைவிட அதிகம் என்று அளந்திருக்கிறார்கள். தமிழ்நாடு முழுவதும் சேர்த்தே இந்தக் காடு 45 சதுர கிலோமீட்டர் அளவுதான் என்று 2021-ம் வருஷத்து வன அறிக்கை சொல்கிறது. உள்ளதே கைப்பிடி. அதன் தலையிலேதான் சாம்பல்.

சாம்பலோடு நின்றதா? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி எண்ணெய் ஆலையின் எண்ணெய் கலந்து, பக்கிங்காம் கால்வாய் வழியாக இறங்கி, அந்த மரங்களின் மேல் தார் பூசினாற்போல அப்பிக்கொண்டது. செவ்வாய்க் கிரகத்துக்குக் கப்பல் விடுகிற தேசத்தில், அதை வழிக்க மீனவர்கள் கையில் இருந்தவை வாளியும் குவளையும். காட்டுப்பள்ளியில் 330 ஏக்கராவிலே இருக்கிற துறைமுகத்தை 6,110 ஏக்கராவாகப் பெருக்கும் திட்டம் ஒன்றும் வந்தது. அதற்கு 2023 செப்டம்பர் 5-ந் தேதி வைத்திருந்த மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம், ஜனங்கள் எதிர்த்ததால் தள்ளி வைக்கப்பட்டது.

கழிமுகத்தைத் தூர்த்தால் கொசஸ்தலையின் வெள்ளம் எங்கே போகும்? சென்னையின் மூன்று ஆறுகளில் பெரியது அது. கடலுக்குப் போக வழியில்லாவிட்டால் வீட்டுக்குள்தான் வரும். அப்போதும் ஒரு யாகம் செய்வார்களோ, மழையை நிறுத்த?

"கோயில்தானே காட்டைக் காப்பாற்றியது? ஸ்தல விருட்சம், கோயில் காடு என்று வைத்தார்களே?" என்று ஆஸ்திகர் கேட்பார். சில கிராமங்களில் ஐயனார் பயத்தினால் நாலு மரம் தப்பியது மெய்தான், மறுக்கவில்லை. ஆனால் பயத்தினால் நின்ற மரம், பயம் போன அன்றைக்கோ பணம் வந்த அன்றைக்கோ விழுந்துவிடும். சந்தேகமிருந்தால் சிதம்பரத்தைப் பாருங்கள். தில்லை என்ற பெயரே தில்லை மரத்தினால் வந்தது. அதுவும் அலையாத்திக் காட்டு மரம்தான். பால் பட்டால் கண் போய்விடும். அந்த மரத்தின் பேரில் ஊர், அந்த மரத்தின் பேரில் சாமி. ஊருக்குள்ளே தில்லைக் காடு எங்கே? கூரைக்குப் பொன் வேய்ந்தார்கள், காட்டைக் காணோம். தில்லை மரத்தைப் பார்க்க வேண்டுமானால் பிச்சாவரத்துச் சேற்றுக்குத்தான் போக வேண்டும். நமது மீஞ்சூரையும் வடகாஞ்சி என்கிறார்கள். ஏகாம்பரம் என்றால் ஒற்றை மாமரம் என்று அர்த்தம் சொல்கிறார்கள். ஒற்றை மரம் போதும் என்று சாமி இருந்துவிட்டார் போலிருக்கிறது.

2004 டிசம்பர் 26-ந் தேதி சுனாமி வந்தபோது, பிச்சாவரம் காட்டுக்குப் பின்னால் இருந்த கிராமங்களில் சேதம் குறைந்திருந்தது என்று ஆராய்ந்தவர்கள் எழுதினார்கள். வேறு சிலர், அதற்குக் காரணம் மேட்டு நிலமும் கடலிலிருந்து தூரமும்தான் என்று மறுத்தார்கள். வாதாடட்டும்! அளந்து பார்த்து வாதாடுவதுதான் அறிவின் முறை. யாகம் செய்த ஊரில் எவ்வளவு பெய்தது, செய்யாத ஊரில் எவ்வளவு பெய்தது என்று கணக்கெடுக்க எந்தப் புரோகிதராவது சம்மதிப்பாரா?

மழைக்காட்டை மனிதன் காப்பாற்றிய கதை ஒன்று நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மலையாள நாட்டில் பாலக்காடு ஜில்லாவில் அமைதிப் பள்ளத்தாக்கு என்ற மழைக்காடு. அங்கே ஓடும் ஆற்றின் பெயர் குந்திப்புழை. காட்டுக்குச் சைரந்திரி வனம் என்று திரௌபதியின் பெயரும் உண்டு. 1970-களில் அந்த ஆற்றை மறித்து மின்சார அணை கட்டப் போனபோது, குந்தியும் வரவில்லை, திரௌபதியும் வரவில்லை. (காண்டவத்தை எரித்த குடும்பமாயிற்றே, எப்படி வரும்?) வந்தவர்கள் யார்? கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத்தைச் சேர்ந்த பள்ளிக்கூட வாத்தியார்களும், எம். கே. பிரசாத் போன்ற தாவர சாஸ்திர ஆசிரியர்களும், சுகதகுமாரி போன்ற கவிகளும். கணக்குப் போட்டுத் துண்டுப் பிரசுரம் அச்சடித்து, கிராமம் கிராமமாகப் போய்ப் பேசினார்கள். சிங்கவால் குரங்கைக் கேலி செய்தவர்களுக்குப் பதில் சொன்னார்கள். மின்சாரத்துக்கு வேறு வழியும் சொன்னார்கள். 1983-ல் அணைத் திட்டம் கைவிடப்பட்டது. 1984-ல் அது தேசியப் பூங்காவாயிற்று. ஒரு சொட்டு நெய் செலவில்லை.

அப்படியானால் எண்ணூருக்கு ஏன் இந்தக் கதி? எந்தக் கிராமத்திலும் சேரியும் சுடுகாடும் ஊருக்கு வெளியே, கழிவு போகிற திக்கிலே இருப்பதைப் பார்த்திருக்கிறீர்கள். சென்னை என்னும் பெரிய அக்கிரகாரத்துக்கு வடசென்னைதான் சேரி. அனல் நிலையம் இங்கே, எண்ணெய் ஆலை இங்கே, உரத் தொழிற்சாலை இங்கே, குப்பை மேடும் இங்கே. மின்சாரமும் குளிர்ந்த காற்றும் அங்கே. சாந்தோம் கடற்கரையிலே ஒரு கூடைச் சாம்பலைக் கொட்ட எவனுக்காவது துணிவு வருமா? இங்கே இருப்பவர்கள் மீனவர், இருளர், ஆதிதிராவிடர், அன்றாடம் காய்ச்சிகள். கேட்க நாதியில்லை என்ற எண்ணம். பொதுவில் எல்லோருக்குமாக வரியில்லாமல் ஒதுக்கி வைத்த நிலத்துக்குப் புறம்போக்கு என்று பெயர். அந்தச் சொல்லையே வசவாக்கிய சமுதாயம், அந்த நிலத்தையும் அங்கே இருப்பவனையும் வேறு எப்படி நடத்தும்?

இதைச் சொல்லும்போது நம் பக்கத்தாரையும் விடுவதற்கில்லை. யாகம் செய்த கட்சி போய், பகுத்தறிவு பேசுகிற கட்சி வந்தது, சந்தோஷந்தான். ஆனால் 800 மெகாவாட்டு நிலக்கரி உலையைத் திறந்தது இந்தக் கட்சியின் ஆட்சிதானே? பெரியார் படத்துக்கு மாலை போட்டுவிட்டுத் திறந்தாலும் புகை புகைதான். கடவுளை நம்பாதவன் கணக்கையும் நம்பவில்லை என்றால் அவனுக்கும் புரோகிதனுக்கும் பூணூல்தான் வித்தியாசம்.

ஆகவே தோழர்களே, மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் என்பதை 2006-ம் வருஷத்து உத்தரவு நமக்கு உரிமையாகக் கொடுத்திருக்கிறது. முப்பது நாள் முன்னதாக விளம்பரம் செய்ய வேண்டும்; திட்டத்தின் சுருக்கத்தைத் தமிழிலே கொடுக்க வேண்டும்; ஜனங்கள் பேசியதை எழுதிப் பதிவு செய்ய வேண்டும். நமது வட்டாரத்தில் இனி எந்தக் கூட்டம் நடந்தாலும் போங்கள். தமிழ்ச் சுருக்கத்தை முன்னதாகவே வாங்கிப் படித்துவிட்டுப் போங்கள். கொட்டிய சாம்பலில் எத்தனை வண்டி அள்ளினீர்கள், எண்ணெய் பட்ட மரங்களில் எத்தனை பிழைத்தன, தூர்த்த ஓடையைத் தோண்டியாயிற்றா, கையால் இறால் பிடிப்பவனுக்கு என்ன கொடுத்தீர்கள் என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

இதை எழுதி முடித்து அடுத்த வீட்டுப் பெரியவருக்கு வாசித்துக் காட்டினோம். முழுவதும் கேட்டார். காண்டவ வனத்துக் கதையில் சிரித்தும் விட்டார். "கூட்டத்துக்கு நானும் வரேன் தம்பி, என் கெணறு எப்படி இருந்துதுன்னு நான்தானே சொல்லணும். ஆனா விபூதி பூசிக்கிட்டுத்தான் வருவேன்" என்றார்.

வாருங்கள் என்றோம்.